சுரங்கத் தூசியும் ஒளிச் சிதறலும்

கோரமண்டல் என்ற பெயரைக் கேட்டவுடன் சோழ மண்டலக் கடற்கரைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் கடலிலிருந்து வெகு தொலைவில், கர்நாடக மாநிலத்தின் கீழ்க்கோடியிலுள்ள மேட்டு நிலத்தில், கோலார் தங்கவயலின் குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்றுக்கும் அப்பெயர் வழங்கி வருகிறது. உரிகம், சாம்பியன் ரீப், மாரிகுப்பம், ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை முதலிய பெயர்களோடு சேர்த்தே இதனையும் அவ்வூரார் சொல்வார்கள். பழைய வடார்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து பிழைப்பை நாடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் இடம் இது. இங்கு வந்து நிற்பவரின் கண்ணில் முதலில் படுவன சுரங்க வாய்கள் அல்ல; வெளிறிய சாம்பல் நிறமுடைய பெரிய மேடுகளே. பாறையை இடித்து, அரைத்து, சயனைடுக் கரைசலைக்கொண்டு தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவு அது. சயனைடு மேடுகள் என்றே அவற்றை அழைக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் மூன்று கோடி டன்னுக்கு மேலிருக்கும் என்பது மதிப்பீடு. பலத்த காற்று வீசும் நாட்களில் அம்மேடுகளின் முகட்டிலிருந்து வெண்புகை போன்ற ஒன்று எழுந்து தெருக்களின் மீது படர்வதுண்டு.

அந்தப் புகையைப் பற்றியதே இக்கட்டுரை. அதனைக் கண்ணால் காண்பதற்கும் அதனால் விளையக்கூடிய தீங்கை அளந்து சொல்வதற்கும் இடையே பெரியதோர் இடைவெளி இருக்கிறது. ஒளியைக் கொண்டு அவ்விடைவெளியைக் கடக்கும் முயற்சியில் கணிப்பொறி எவ்வாறு உதவுகிறது, எவ்விடத்தில் அதன் உதவி நின்றுவிடுகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

கல்லும் நுரையீரலும்

கோலாரில் தங்கம் தனியே கிடைப்பதில்லை. வெங்கச்சங்கல் என்று நாம் வழங்கும் குவார்ட்ஸ் நாளங்களில் அது நுண்ணிய அளவில் கலந்திருக்கிறது. 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியாரின் நிர்வாகத்திலும், 1956-க்குப் பின் அரசாங்கத்தின் பொறுப்பிலும் இந்நாளங்களைத் தொடர்ந்து தோண்டிச் சென்றார்கள். முடிவில் சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. ஒளிச் சிதறலில் ராமன் கண்டுபிடித்த விளைவை முன்னிட்டு நாம் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுவதும் அதே தேதியைத்தான். இது தற்செயலே எனினும், இக்கட்டுரையின் இரு பொருள்களும் ஒரே நாளில் சந்திப்பதைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

குவார்ட்ஸ் என்பது சிலிகாவின் படிக வடிவம். அதில் துளையிடும்போதும், வெடிவைத்துப் பிளக்கும்போதும், ஆலையில் அரைக்கும்போதும் தூசி எழுகிறது. தூசிகளில் பரியவை மூக்கிலும் தொண்டையிலும் தடைபட்டு, சளியோடு வெளியேறிவிடுகின்றன. ஏறத்தாழ நான்கைந்து மைக்ரானும் அதற்குக் குறைந்த அளவும் உடையவை நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை சென்று தங்கிவிடுகின்றன. (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமயிரின் குறுக்களவு ஐம்பது முதல் நூறு மைக்ரான் வரை இருக்கும்.) அங்கே அவை திசுக்களை வடுவாக்கி, மூச்சுத் திறனைச் சிறிது சிறிதாகக் குறைக்கின்றன. இதுவே சிலிகோசிஸ் என்னும் நோய். ஏற்பட்ட வடுவை நீக்க மருந்தில்லை. காசநோய் தொற்றும் அபாயமும் கூடுகிறது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது கோலார் தங்கச் சுரங்கங்களிலிருந்துதான்; ஆண்டு 1947. அப்போது பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்நோயின் அடையாளம் காணப்பட்டது.

இத்துணைத் தீங்கு விளைவிக்கும் பொருளை ஏன் முன்னரே கண்டு விலகியிருக்கக் கூடாது என்று வாசகர்கள் கேட்கலாம். விடை எளியது: அது கண்ணுக்குத் தெரியாது. தெரியும் தூசி பெரும்பாலும் தீங்கற்றது. தீங்கான தூசி பெரும்பாலும் தெரிவதில்லை. பத்து மைக்ரான் அளவுள்ள குவார்ட்ஸ் துகள் அசைவற்ற காற்றில் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரையை அடைய நான்கு நிமிஷம் போதும். ஒரு மைக்ரான் துகளுக்கோ ஆறு மணி நேரம் ஆகும். சுரங்கத்தில் காற்று ஒருபோதும் அசைவற்று நிற்பதில்லையாதலால், அது தரையை அடைவதே அரிது. வெடிப்புகை அடங்கி, விளக்கின் ஒளி தெளிவாகப் பாயத் தொடங்கியதும் ‘தூசி அடங்கிவிட்டது’ என்று கருதி உள்ளே நுழைந்தவர்கள், அடங்காத பகுதியைத்தான் சுவாசித்தார்கள்.

இதனை ஒரு சிறு கணக்கால் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். நம் நாட்டுச் சுரங்க ஒழுங்குமுறைகளில், சுவாசத் தூசியிலுள்ள சிலிகாவின் சதவீதத்தைக் கொண்டு 15 என்ற எண்ணை வகுத்து, ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மில்லிகிராம் என்று வரம்பு விதிக்கும் முறை உண்டு. சிலிகா நூற்றுக்கு முப்பது பங்கு இருந்தால் வரம்பு 0.5 மில்லிகிராம். அத்தூசி முழுவதும் ஒரு மைக்ரான் குறுக்களவுள்ள உருண்டைகளால் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சுமார் 360 துகள்கள் இருக்கும். ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய ஒரு லட்சத்து எண்பதாயிரம் துகள்கள் உள்ளே செல்லும். அத்தகைய காற்றினூடே பத்து மீட்டர் தூரம் விளக்கொளி சென்றால், அது இழக்கும் ஒளி நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. அந்தக் குறைவைக் கண் உணராது. வரம்பை மீறிப் பத்து மடங்கு தூசி இருந்தாலும், பழகிய கண்ணுக்கு அது லேசான மங்கலாகவே தோன்றும்.

தூசியை எண்ணிய காலம்

கண்ணை நம்ப இயலாதெனில் கருவி வேண்டும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1916-ஆம் ஆண்டளவில் கோனிமீட்டர் என்னும் கைக்கருவி புழக்கத்துக்கு வந்தது. சிறிதளவு காற்றை வேகமாக இழுத்து, பசை தடவிய கண்ணாடித் தட்டின்மீது மோதச் செய்யும் கருவி அது. ஒட்டிக்கொண்ட துகள்களைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எண்ணுபவர் களைத்தால் கணக்கும் களைத்துவிடும். மேலும், எடுத்த காற்று ஒரு கண நேரத்துக் காற்று. ஒரு நாள் முழுதும் உழைப்பவனின் நுரையீரலுக்குச் சென்றது எவ்வளவு என்பதை அது சொல்லாது.

எண்ணுவதற்குப் பதில் ஒளியையே கேட்டால் என்ன என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது. ஓட்டு வீட்டின் கூரைப் பொத்தல் வழியே வெயில் விழும்போது, அதுவரை தெரியாதிருந்த தூசி பளிச்சிடுவதை யாவரும் கண்டிருக்கிறோம். துகள் ஒவ்வொன்றும் தன்மீது விழும் ஒளியை நாற்புறமும் சிதறவிடுகிறது. சிதறிய ஒளியை ஒரு மின்கண்ணால் அளந்தால் தூசியின் அளவும் தெரிந்துவிடும் அல்லவா? இக்கொள்கையின்படி அமைந்த கருவிகள் இன்று கைக்கு அடக்கமாகவும் மலிவாகவும் கிடைக்கின்றன. கருவியின் முகப்பில் ‘கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம்’ என்று எண்ணும் தோன்றுகிறது. ஆனால் கருவி அளப்பது ஒளியை, காட்டுவதோ எடையை. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு நடைபெறுகிறது. அம்மொழிபெயர்ப்பு சரியானதுதானா என்பதே நம் கேள்வி.

தங்கத்திலிருந்து பிறந்த கணக்கு

துகள் ஒளியலையின் நீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால் கணக்கு சுலபம். 1871-ஆம் ஆண்டில் ராலே பிரபு இதற்கு விதி கண்டார். துகளின் குறுக்களவு இரட்டித்தால் சிதறும் ஒளி அறுபத்துநான்கு மடங்காகும். அலைநீளம் பாதியானால் பதினாறு மடங்காகும். வானம் நீலமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். துகள் மிகப் பெரியதாக இருந்தாலும் பள்ளிக்கூடத்துப் பிரதிபலிப்பு, விலகல் விதிகளே பெரும்பாலும் போதும். தொல்லை தருவது நடுத்தரம். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் சுமார் அரை மைக்ரான். நுரையீரலைத் துன்புறுத்தும் தூசியும் அரை மைக்ரானிலிருந்து ஐந்து மைக்ரான் வரை. அலையும் துகளும் ஏறத்தாழ ஒரே அளவாக அமையும் அவ்விடத்தில் எளிய விதிகள் எவையும் பொருந்துவதில்லை.

இந்தச் சிக்கலை விடுவிக்கத் தூண்டுகோலாக இருந்தது தங்கம் என்பது வியப்புக்குரியது. தங்கத்தை மிக நுண்ணிய துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால், அந்நீர் மஞ்சளாக இராது. மாணிக்கம் போன்ற சிவப்பாக இருக்கும். 1857-ஆம் ஆண்டில் ஃபாரடே இதனை ஆராய்ந்து, நிறத்துக்குக் காரணம் துகளின் நுண்மையே என்று கருதினார். 1908-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கிரைப்ஸ்வால்டு நகரில் குஸ்தாவ் மீ என்னும் பேராசிரியர், மாக்ஸ்வெலின் மின்காந்தச் சமன்பாடுகளை ஓர் உருண்டைக்குப் பிழையின்றித் தீர்த்து, தங்கக் கரைசலின் செந்நிறத்தைக் கணக்கினாலேயே வருவித்தார். டென்மார்க்கு நாட்டு லோரன்ஸ் என்பவரும் சில ஆண்டுகளுக்கு முன்பே இதுபோன்ற தீர்வைக் கண்டிருந்தார். உருண்டையின் அளவு, அதன் ஒளிவிலகல் எண், ஒளியின் அலைநீளம் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். எத்திசையில் எவ்வளவு ஒளி சிதறும் என்பதை மீயின் கணக்கு சொல்லிவிடும்.

நம் நாட்டிலும் இத்துறையில் அக்காலத்திலேயே தேர்ந்த வேலை நடைபெற்றது. ராமனும் பிதுபூஷண் ராயும் 1921-ஆம் ஆண்டில் கந்தகத் துகள்கள் மிதக்கும் நீரின் நிறங்களைப்பற்றி எழுதினார்கள். ஹைப்போ என்று புகைப்படக்காரர்கள் சொல்லும் உப்பின் கரைசலில் சிறிது அமிலம் சேர்த்தால், கந்தகம் மெல்ல மெல்லத் திரண்டு வளரும். அதனூடே விளக்கைப் பார்த்தால் ஒளி முதலில் மஞ்சளாகும்; பிறகு சிவக்கும்; பிறகு இருண்டுவிடும். அதோடு முடிந்ததென்று நாம் நினைக்கும்போது, துகள்கள் மேலும் வளர, கருநீலமும் நீலமும் பச்சையும் அடுத்தடுத்து வெளிப்படும். துகள் வளர்ந்தால் சிதறல் கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணம் இங்கே பொய்யாகிறது. ஒரு குறிப்பிட்ட அளவில் சிதறல் உச்சத்தை அடைந்து, பிறகு இறங்கி, மறுபடி ஏறி, அலைபோல் ஆடுகிறது. அவ்வுச்சம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வோர் அளவில் அமைவதே அந்நிற மாற்றங்களுக்குக் காரணம். பின்னர் 1930-களில், கோலாரிலிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், ராமனின் மாணவர் ஆர். எஸ். கிருஷ்ணன் சிதறிய ஒளியின் துருவநிலையை ஆராய்ந்தார். கரைசலிலுள்ள துகள்கள் அலைநீளத்துக்கு ஒப்பான அளவுடையனவா என்பதை அதிலிருந்து அறிய வழி காட்டினார். ‘கிருஷ்ணன் விளைவு’ என்பது அதன் பெயர்.

கணிப்பொறியின் வரவு

மீயின் தீர்வு முழுமையானதாயினும், அதனைக் கையால் கணக்கிடுவது பெருந்தொல்லை. விடையானது பல உறுப்புகளின் கூட்டாக வருகிறது. ஒரு மைக்ரான் உருண்டைக்குப் பதினைந்து உறுப்புகள் வேண்டும். ஐந்து மைக்ரானுக்கு நாற்பதுக்கு மேல். ஒரு மில்லிமீட்டர் மழைத்துளிக்கு ஐயாயிரத்து எழுநூறுக்கு மேல். ஒவ்வோர் உறுப்பும் பெஸல் சார்புகளால் ஆனது. இவற்றை ஒன்றிலிருந்து அடுத்ததாகப் படிப்படியாகப் பெறலாம் எனினும், சில சார்புகளில் கீழ்ப்படியிலிருந்து மேலே ஏறிச் சென்றால் ஒவ்வொரு படியிலும் சிறு பிழை பெருகி, முடிவில் விடை முழுவதும் பிழையாகிவிடும். மேற்படியிலிருந்து கீழே இறங்கி வந்தால் பிழை தேய்ந்து மறையும். இந்நுட்பத்தைக் கையாண்டு 1968-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் ஜே. வி. தவே என்னும் இந்திய விஞ்ஞானி எழுதிய கணிப்பொறி நிரல்கள் உலகெங்கும் பயன்பட்டன. அவர் முன்பு அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தில் கே. ஆர். ராமநாதனுடன் ஓசோன் பற்றி ஆராய்ந்தவர். ராமநாதனோ கல்கத்தாவில் ராமனுடன் ஒளிச் சிதறலை ஆராய்ந்தவர்; பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர். கந்தகக் கரைசலைக் கண்ணால் பார்த்த தலைமுறைக்கும் எண்களைக் கணிப்பொறிக்கு ஊட்டிய தலைமுறைக்கும் இடையே தொடர்பு இவ்வளவு நெருக்கமானது.

1983-ஆம் ஆண்டில் போரன், ஹஃப்மன் என்னும் இருவர் எழுதிய நூலில் இதற்கான சிறியதொரு நிரலை வெளியிட்டார்கள். இன்றும் மாணவர்கள் முதலில் இயக்கிப் பார்ப்பது அதனையே. நிரல் சரியாக இயங்குகிறதா என்று சோதிக்க அவர்கள் கொடுத்த உதாரணம் நமக்குச் சுவையானது. உருண்டையின் குறுக்களவு 1.05 மைக்ரான், ஒளிவிலகல் எண் 1.55, ஒளி, ஹீலியம்-நியான் லேசரின் செவ்வொளி. குவார்ட்ஸின் ஒளிவிலகல் எண்ணும் ஏறத்தாழ 1.55 தான். ஆகவே கோலார்ச் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலில் தங்கிய துகளுக்கும் இதற்கும் வடிவத்தைத் தவிர வேறு வேற்றுமை மிகுதியில்லை. நிரல் தரும் விடை 3.105. அதாவது, அத்துகள் தன் நிழலின் பரப்பைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட பரப்பில் விழும் ஒளியை வழிமாற்றிவிடுகிறது.

இனி, கருவியின் மொழிபெயர்ப்புக்கு வருவோம். தூசியின் எடையை மாற்றாமல் துகளின் அளவை மட்டும் மாற்றிக்கொண்டு போனால் பச்சை ஒளியில் என்ன நேரும் என்று கணிப்பொறியைக் கேட்போம். முன்பு சொன்ன 0.5 மில்லிகிராம் குவார்ட்ஸே ஐந்து மைக்ரான் துகள்களாக இருந்தால், கன சென்டிமீட்டருக்கு மூன்று துகள்கள்கூடத் தேறா. 0.1 மைக்ரான் துகள்களாக இருந்தால் மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும். சிதறும் ஒளியோ இவ்விரண்டு கோடியிலும் குறைவு, நடுவில், 0.6 மைக்ரானை ஒட்டி, உச்சமாகிறது. அவ்வுச்சத்தில் கிடைக்கும் ஒளியில் பத்தில் ஒரு பங்குகூட ஐந்து மைக்ரான் தூசியிலிருந்து கிடைக்காது, 0.1 மைக்ரான் தூசியிலிருந்தும் கிடைக்காது. எடை மூன்றிலும் ஒன்றே.

இதன் பொருளைச் சற்று நிதானித்து நோக்கவேண்டும். கருவி கூடுதலாகக் காட்டும் இடத்தில் தூசி கூடுதலாக இருக்கவேண்டும் என்பதில்லை. நேற்றைவிட இன்று எண் குறைந்தால் காற்று தூய்மையாயிற்று என்பதும் உறுதியில்லை. துகளின் அளவு மாறியிருந்தாலும் எண் மாறும். சாலைத் தூசியைக் கொண்டு தொழிற்சாலையில் அளவீடு செய்யப்பட்ட கருவியைச் சயனைடு மேட்டின் அருகே கொண்டுபோய் வைத்தால், அது காட்டும் எண்ணை ஏதோ ஒரு காரணியால் பெருக்கவோ வகுக்கவோ வேண்டியிருக்கும். அக்காரணி ஒன்றரையா, மூன்றா என்பது அவ்விடத்துத் தூசியின் அளவுப் பரவலைப் பொறுத்தது.

திசையும் முக்கியமானது. ஒரு மைக்ரான் துகள் சிதறவிடும் ஒளியில் பெரும்பகுதி, ஒளி வந்த போக்கிலேயே முன்னோக்கிச் செல்கிறது. செங்குத்துத் திசையில் கிடைப்பதைவிட முன்திசையில் கிடைப்பது எத்தனையோ பத்து மடங்கு அதிகம். வாசகர்கள் இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். இருட்டறையில் கைவிளக்கை ஏற்றி, தூசி பறக்கும் அக்கதிரை முதலில் விளக்கின் பின்னாலிருந்து பாருங்கள். பிறகு எதிர்ப்புறம் சென்று, விளக்கு நேரே கண்ணில் படாதவாறு சிறிது ஒதுங்கி நின்று பாருங்கள். எதிர்ப்புறத்தில் தூசி பன்மடங்கு பிரகாசமாயிருக்கும். எனவே ஒரே கோணத்தில் அளக்கும் கருவியைவிடப் பல கோணங்களில் அளக்கும் கருவி தூசியின் அளவைப்பற்றி அதிகம் சொல்லும். பல கோணங்களில் அளந்த ஒளியிலிருந்து பின்னோக்கிச் சென்று துகள்களின் அளவுப் பரவலைக் காண்பதும் கணிப்பொறியின் வேலையே. எனினும் வெவ்வேறான இரண்டு பரவல்கள் ஏறக்குறைய ஒரே சிதறலைத் தரக்கூடும் என்பதால், இவ்வகை விடைகளை எச்சரிக்கையுடன் கொள்ளவேண்டும்.

உருண்டையல்லாத உண்மை

இதுவரை துகளை உருண்டை என்றே கொண்டோம். உடைந்த குவார்ட்ஸ் உருண்டையாக இராது; அதன் விளிம்புகள் உடைந்த கண்ணாடிபோல் கூர்மையானவை. ஒழுங்கற்ற வடிவத்துக்கு மீயின் சூத்திரம் உதவாது. 1973-ஆம் ஆண்டில் பர்செல், பென்னிபேக்கர் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் விண்மீன்களுக்கிடையே உள்ள தூசியை ஆராயும்பொருட்டு ஒரு புது வழி கண்டார்கள். துகளை ஒரே அளவான சிறு சிறு கூறுகளாகக் கற்பனையில் பிரித்து, ஒவ்வொரு கூறையும் ஒளியால் ஊசலாடும் ஒரு மின் இருமுனையாகக் கொள்வதே அவ்வழி. ஒவ்வொரு கூறும் வெளியிலிருந்து வரும் ஒளிக்கு மட்டுமன்றி, மற்றெல்லாக் கூறுகளும் வீசும் ஒளிக்கும் சேர்த்து ஆடுகிறது. தேரின் வடத்தைப் பிடித்த கூட்டத்தில் ஒருவரின் அசைவு எல்லோரையும் இழுப்பதுபோல், எந்தக் கூறின் ஆட்டத்தையும் தனியே கணக்கிட இயலாது. எல்லாவற்றையும் ஒருங்கே தீர்க்கவேண்டும்.

ஒரு மைக்ரான் குவார்ட்ஸ் துகளுக்குச் சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம் கூறுகள் தேவை. பத்தாயிரம் கூறுகள் என்றால், அவற்றிடையே உள்ள ஜோடிகள் ஏறக்குறைய ஐந்து கோடி. பின்னர், துகள் காற்றில் எல்லாத் திசைகளிலும் திரும்பக்கூடியதாகையால், நூற்றுக்கணக்கான நிலைகளில் திருப்பித் திருப்பிக் கணக்கிட்டுச் சராசரி காணவேண்டும். 1980-களிலும் 1990-களிலும் டிரெய்ன், ஃபிளாட்டௌ முதலியோர் கணக்கைச் சுருக்கும் உபாயங்களைக் கண்டு, நிரலை யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டார்கள். அன்று பெரிய கணிப்பொறிகள் மட்டுமே செய்யக்கூடியதாயிருந்த வேலையை இன்று கல்லூரி மாணவரின் மேசைமேலுள்ள கணிப்பொறியே செய்துவிடும். முன்திசையில் சிதறும் ஒளி வடிவத்தைப் பெரிதும் சார்ந்ததன்று. பக்கவாட்டிலும் பின்புறத்திலும் சிதறும் ஒளியே வடிவத்தால் மிகவும் மாறுகிறது என்பதை இக்கணக்குகள் தெளிவாக்கின. ஆகவே முன்திசையை ஒட்டி அளக்கும் கருவிகளுக்கு உருண்டைக் கணக்கு பெரும்பாலும் போதும்; பக்கவாட்டில் அளப்பவற்றுக்குப் போதாது.

புழுதி மிகவும் அடர்ந்த இடத்திலும் சேற்று நீரிலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு துகள் சிதறவிட்ட ஒளியை மற்றொரு துகள் மீண்டும் சிதறவிடுகிறது. அங்கே ஒவ்வோர் ஒளித்துகளின் பயணத்தையும் பகடை உருட்டுவதுபோல் எதேச்சை எண்களைக் கொண்டு பின்தொடர்ந்து, லட்சக்கணக்கான பயணங்களின் முடிவைத் தொகுத்துப் பார்க்கிறார்கள். மாண்டி கார்லோ முறை என்று இதற்குப் பெயர். மூச்சுக் காற்றின் அளவிலான தூசிக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது.

ஒளி சொல்லாதது

கணக்கு எவ்வளவு நுட்பமானாலும், ஒளி தானறியாத ஒன்றைச் சொல்ல முடியாது. கோலார்ப் பாறையில் குவார்ட்ஸ் மட்டுமில்லை. ஹார்ன்பிளெண்டு, ஃபெல்ஸ்பார் முதலிய கனிமங்களும் உண்டு. ஃபெல்ஸ்பாரின் ஒளிவிலகல் எண் குவார்ட்ஸின் எண்ணிலிருந்து இரண்டாவது தசம இடத்தில்தான் வேறுபடுகிறது. ஒரே அளவுள்ள இரு துகள்களில் எது சிலிகா, எது மற்றது என்பதைச் சாதாரணச் சிதறலைக் கொண்டு பிரித்தறிய இயலாது. நுரையீரலோ நன்றாகவே பிரித்தறிகிறது.

நீர்த்துளியும் ஏமாற்றும். தூசி எழாதிருக்கத் துளைக்கருவியின் வழியே நீரைப் பாய்ச்சுவது சுரங்கங்களில் நற்பழக்கம். அதனால் காற்றில் நுண்ணிய நீர்த்துளிகள் மிதக்கும். கருவிக்கு அவையும் துகள்களே. நீர் பாய்ச்சிய இடத்தில் எண் உயர்வதைக் கண்டு, நீர் பயனற்றது என்று முடிவு செய்வது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு, எண் உயர்ந்தது முழுவதும் நீர்த்துளியால்தான் என்று ஒதுக்கிவிடுவதும். உறிஞ்சும் காற்றைச் சிறிது சூடாக்கித் துளிகளை ஆவியாக்கிவிட்டு அளப்பதே சரியான வழி. இச்சிறு வசதி மலிவான கருவிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஆகவே வடிதாளை நாம் விட்டுவிட முடியாது. பம்பு ஒன்றைத் தொழிலாளியின் இடுப்பில் கட்டி, மூக்கருகே உள்ள வடிதாளில் நாள் முழுதும் சேரும் சுவாசத் தூசியை நிறுத்து, அதிலுள்ள குவார்ட்ஸை எக்ஸ்-கதிர்ச் சிதறலாலோ அகச்சிவப்பு நிறமாலையாலோ அளந்தால்தான் 15 என்ற எண்ணை எதனால் வகுப்பது என்பது தெரியும். இம்முறையின் குறை அதன் தாமதம்: விடை கிடைப்பதற்குள் தூசியைச் சுவாசித்தாகிவிடும். ஒளிக்கருவியோ அந்த நொடியிலேயே சொல்லும்; ஆனால் அரைகுறையாகச் சொல்லும்.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறையே இன்று ஏற்புடையது. கோரமண்டல் போன்றதொரு குடியிருப்பை எடுத்துக்கொண்டால், மேடுகளுக்குக் காற்று வரும் பக்கத்தில் ஒன்றும், காற்று போகும் பக்கத்தில் வீடுகளின் அருகே ஒன்றிரண்டுமாக ஒளிக்கருவிகளை நிறுத்தலாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வடிதாள் கருவியையும் சில வாரங்கள் இயக்கவேண்டும். வடிதாளின் எடையையும் கருவி காட்டிய எண்ணையும் ஒப்பிட்டால் அவ்விடத்துக்குரிய காரணி கிடைக்கும். பலத்த காற்றில் மேட்டிலிருந்து பரிய துகள்களும் எழுவதால் அக்காரணி ஒரு பருவத்தில் ஒன்றாகவும், காற்றடங்கிய மார்கழி, தை மாதங்களில் வேறொன்றாகவும் இருக்கக்கூடும். மேட்டுக் கழிவைச் சல்லடையிலும் நீரில் படியவிட்டும் அளவுவாரியாகப் பிரித்து, ஒவ்வோர் அளவிலும் குவார்ட்ஸ் எத்தனை பங்கு என்று பரிசோதனைச் சாலையில் ஒருமுறை கண்டுவிட்டால், பருவத்துக்குப் பருவம் காரணி எவ்வளவு மாறும் என்பதைக் கணிப்பொறியில் முன்கூட்டியே கணக்கிட்டு, வடிதாள் அளவோடு ஒத்திட்டுப் பார்க்கலாம். படியவிடும் வேலைக்குப் பொறுமை வேண்டும்: ஒரு மைக்ரான் குவார்ட்ஸ் துகள் அசைவற்ற நீரில் ஒரு சென்டிமீட்டர் இறங்க மூன்று மணி நேரம் ஆகும்.